இரண்டு டிஸ்கில் எது கடைசி வரை ஓடியது?

ஐப்பசி மழையின்போது கானாடுகாத்தான் பக்கமிருந்து ஓர் ஆச்சி அழைத்தார். “தம்பி, ரெண்டு டிஸ்க் போட்டிருக்கு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னு சொல்லித்தான் மகன் வச்சுட்டுப் போனான். முந்தாநாள் இடிச்சதுல ரெண்டும் போச்சுங்கறாக.”

“பெட்டியை அணைச்சு வைங்க ஆச்சி. யாரையும் தொட விடாதீக. இப்பவே வர்றேன்.”

காரைக்குடியில் டேட்டா மீட்கும் வேலை பார்க்கிறேன். இந்த வகை அழைப்பு வந்தால் வேறு வேலை ஓடாது.

மேல்மாடியில் இருந்தது அந்த நாஸ் பெட்டி, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பெட்டி. 4 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1. எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலப் பதியும். பேரப்பிள்ளைகளின் படங்கள், ஐயாவின் சாந்திக் கல்யாண வீடியோ, அவற்றோடு பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்துப் பேரேடுகளின் ஸ்கேன். பேரேடுகளைக் கரையான் தின்றுவிட்டது, ஸ்கேன்தான் மிச்சம்.

விசாரித்தால், ஒரு டிஸ்க் சித்திரையிலேயே ஜோடியிலிருந்து விலகியிருக்கிறது. பெட்டி விடாமல் பீப் அடித்திருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தூக்கம் கெடுகிறதென்று பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அந்தச் சத்தம் எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒற்றை டிஸ்கில் ஓடியது. பேரேடுகளை ஸ்கேன் செய்ததோ ஆடியில். ஆக, அவை இருந்தது இடியில் அடிபட்ட டிஸ்கில் மட்டும்.

ஆச்சி அழைப்பதற்கு முன்பே உறவுக்காரப் பையன் ஒருவர் இரண்டையும் கழற்றி, சித்திரையில் விலகிய டிஸ்கை மட்டும் போட்டுப் பார்த்திருந்தார். பெட்டி எழுந்துகொண்டது, படங்களும் தெரிந்தன. கேபிள் தளர்வாக இருந்தாலோ, டிஸ்க் பதில் சொல்லச் சில நொடி தாமதித்தாலோகூடப் பெட்டி அதை விலக்கிவிடும்; விலகியதெல்லாம் செத்தது என்றில்லை. மற்றதையும் செருகி ‘ரிப்பேர்’ கொடுப்பதுதான் அவருடைய அடுத்த வேலை. கொடுத்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கில் உள்ளதைப் பெட்டி செருகியதன் மேல் எழுதும். சித்திரைப் பழசு ஐப்பசிப் புதுசின் மேல் ஏறியிருக்கும். அப்படி மேலெழுதி அழிந்ததை எந்த ஆய்வகமும் திருப்பித் தர முடியாது.

அதனால் நான் முதலில் செய்வது, எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று ஒட்டி எழுதுவது. அடுத்து, எது புதுசு என்று பார்ப்பது. வீட்டு நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுபவை. எம்டிஏடிஎம் என்ற கருவியில் ‘எக்ஸாமின்’ கொடுத்தால் ஒவ்வொரு டிஸ்கும் கடைசியாகப் பதிந்த நேரத்தையும் ‘ஈவென்ட்ஸ்’ என்னும் மாற்றங்களின் எண்ணிக்கையையும் காட்டும். பெட்டிக்குள் மாட்டி ஓட்டுவதற்கு முன்னால் பார்த்தால்தான் இது நம்பகமானது. அந்தப் பையன் பழைய டிஸ்கை ஓட்டிவிட்டதால் அதன் நேரமும் எண்ணும் ஏறியிருந்தன. உள்ளே இருந்த கோப்புகளின் தேதியைப் பார்த்துத்தான் தெளிந்தேன்.

அடிபட்ட டிஸ்க் சுழன்றது, ஆனால் பல இடங்களில் திணறியது. டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து வேறொரு டிஸ்குக்குப் பிரதி எடுத்தேன். நன்றாகப் படிக்கும் பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்ளும்; முரண்டு பிடிக்கும் இடங்களைப் பிறகு திரும்ப வந்து படிக்கும்; எதுவரை படித்தது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துவைக்கும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். 4 டிபி நல்ல டிஸ்குக்கே 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதற்கு இரண்டு பகல் ஒரு இரவு. அதன்பின் பிரதியை மட்டும், எழுத முடியாத நிலையில் திறந்தேன். பேரேடுகள் அத்தனையும் இருந்தன. வீடியோ ஒன்று பாதியில் உடைந்திருந்தது.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டினால் மேற்சொன்ன எதையும் செய்யாதீர்கள். உடனே அணைத்து, தூசியற்ற அறை உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும் வைத்தியம் ஈரத்தைத்தான் சேர்க்கும். விண்டோஸ் கணினியில் மாட்டி, அது ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்டால் ‘கேன்சல்’ கொடுங்கள்.

ஆச்சி வீட்டில் இப்போது பெட்டி யுபிஎஸ்ஸில் ஓடுகிறது. டிஸ்க் விலகினால் மகனுக்கும் எனக்கும் மெயில் வரும். மூன்றாவதாக ஒரு யுஎஸ்பி டிஸ்க், மாதம் ஒருமுறை பிரதி எடுத்ததும் கழற்றி, தேவகோட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறது.