பேச்சிப்பாறை அணையும் இருநூறு நாள் கோடும்

குலசேகரத்து ரப்பர் விவசாயி ஒருவர் கேட்கிறார்: "நிஃப்டி தன் 200 நாள் சராசரிக்கு மேலே இருந்தால் பங்குகளை வைத்திரு, கீழே போனால் விற்றுவிடு என்கிறார்களே, இது கணக்கா, கைரேகையா?"

கணக்குதான். நிஃப்டி என்பது தேசிய பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனப் பங்குகளின் விலைக் குறியீடு. அதன் கடைசி 200 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் சராசரி வந்துவிடும். நாள்தோறும் இப்படி வரும் சராசரிகளை வரைபடத்தில் இணைத்தால் அதுதான் கோடு. பள்ளிக்கூடப் பாடம்.

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை முகூர்த்த நாளில் ஏறும், மறுநாள் சரியும். அதை நம்பி யாரும் பூந்தோட்டம் போடுவதில்லை. ரப்பரோ 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி, 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே இறங்கியது. முன்னது அலை, பின்னது நீரோட்டம். சராசரி எடுப்பது அலையை அடக்கி நீரோட்டத்தைக் காண்பதற்கு. பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டமும் இப்படித்தான், பல வார மழையைச் சேர்த்துச் சொல்கிறது.

ஆனால் அணை பழைய நீரைச் சிறிது சிறிதாக விடும். சராசரி ஒரு பழைய நாளை அப்படியே தூக்கி எறியும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நேற்றைய சராசரியிலும் இன்றைய சராசரியிலும் 199 விலைகள் பொது. கழித்தால் அவை அடிபட்டுப் போகும். ஆக, கோடு இன்று ஏறுமா இறங்குமா என்பதை இரண்டே எண்கள் தீர்மானிக்கின்றன: இன்றைய விலை, 200 வர்த்தக நாட்களுக்கு முந்தைய விலை. இன்று சந்தை அசையாமல் படுத்திருந்தாலும், எப்போதோ நடந்த ஒரு வீழ்ச்சி கணக்கிலிருந்து வெளியேறுவதால் கோடு நிமிரலாம். தொலைக்காட்சியில் அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள்!

அடுத்தது தாமதம். விலை நாளுக்கு ஒரு ரூபாய் வீதம் சீராக ஏறினால், 200 நாள் சராசரி எப்போதும் 99 ரூபாய் 50 காசு பின்தங்கியே வரும். கோட்டை வழவழப்பாக்கியதற்கு நாம் கட்டும் வட்டி அது. 2020-இல் ஜனவரி உச்சம் 12,400-க்கு மேல். நிஃப்டி கோட்டுக்குக் கீழே போனது பிப்ரவரி கடைசி வாரம், 11,600 அருகே. மார்ச் 23 அன்று 7,610. மறுபடி கோட்டைத் தாண்டியது ஜூலையில், 11,000-ஐ நெருங்கும்போது. நான்காயிரம் புள்ளி வீழ்ச்சியைத் தவிர்த்தவருக்குக் கையில் மிஞ்சியது சுமார் 700 புள்ளி. நிம்மதியான தூக்கத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சந்தை திசையின்றி ஊசலாடும் மாதங்களில் நிலைமை மோசம். கோட்டைத் தாண்டியதும் வாங்கி, இறங்கியதும் விற்று, ஒவ்வொரு முறையும் சிறு நட்டம். தரகு உண்டு, பரிவர்த்தனை வரி உண்டு; ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரியும் உண்டு.

"200 வேண்டாம், 187 போட்டால் பிரமாதம்" என்று மென்பொருள் விற்பவர்கள் வருவார்கள். பழைய விலைகளில் எல்லா எண்களையும் ஓட்டிப் பார்த்து வென்றதை எடுத்துக் காட்டுவது, விடைத்தாளை வைத்துக்கொண்டு தேர்வெழுதுவது. அஷ்டமியில் பங்கு வாங்காதவரைக் கேலி செய்யும் இவர்களுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ரப்பர் மரம் பால் தரவே ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகும். கோட்டைப் பார்த்து அதை வெட்ட முடியாது. ஆனால் ரப்பர் வாரியம் அன்றாட விலையை வெளியிடுகிறது. நாகர்கோவிலில் புள்ளியியல் படிக்கும் பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால், முதல் பத்தாண்டு விலையில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதையே அடுத்த பத்தாண்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.