வழு: 'பக்' என்பதற்கு இலக்கணம் வைத்திருக்கும் பெயர்

'ஒரு பக் இருக்கு, டீபக் பண்ணிக்கிட்டிருக்கேன்' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். மென்பொருளில் நேரும் தவறுக்குப் பூச்சியின் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால், உடனே வரும் விடை 1947 செப்டம்பர் 9. ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே என்ற மின்காந்தச் சொடுக்கி ஒன்றில் விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. பொறியாளர்கள் அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, 'பக் உண்மையாகவே அகப்பட்டது இதுவே முதல்முறை' என்ற பொருளில் எழுதி வைத்தார்கள். 'உண்மையாகவே' என்று அவர்கள் எழுதியதிலிருந்தே, சொல் முன்பே புழங்கியது தெரிகிறது.

அது புழங்கிய இடம் தந்தி, தொலைபேசிப் பட்டறைகள். 1878 மார்ச்சில் எடிசன், வெஸ்டர்ன் யூனியன் தலைவர் வில்லியம் ஆர்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில், தன் கருவியில் ஒரு 'பக்' அகப்பட்டதாகவும், அது தொலைபேசியில் இல்லை, அழைப்புமணியில் இருந்தது என்றும் குறிப்பிடுகிறார். ஆக, கணினிக்கு முன்பே தொலைபேசித் துறையில் குடியிருந்த சொல் இது. அதே தொலைபேசித் துறையில் 'பக்' என்றால் ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள் உண்டு. 'நெட்வொர்க்கில் பக் இருக்கிறது' என்று தமிழில் ஒருவர் எழுதினால், யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று படிப்பவர் நினைக்க இடமிருக்கிறது. இந்தக் குழப்பம் தமிழுக்கு வேண்டாம்; 'வழு' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது.

வழுவு என்றால் நழுவு, நெறியிலிருந்து விலகு. 'கடமையில் வழுவாமல்' என்கிறோமே, அந்த வழுவல்தான். வழுக்குமரமும் இதன் உறவு. இலக்கணத்தில் இது துல்லியமான கலைச்சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுக்களை நன்னூல் எண்ணுகிறது. கைப்பேசி வலையமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறவனாக, இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கைப்பேசியும் கோபுரமும் பேசிக்கொள்ளும் நெறிமுறையும் ஓர் இலக்கணம்தானே? வலையமைப்பு சிம் எண்ணைக் கேட்க, கைப்பேசி தன் கருவி எண்ணைச் சொன்னால் அது விடைவழு. இடப்பதிவு (தான் இருக்கும் பகுதியை வலையமைப்பில் பதிவது) கேட்ட கைப்பேசி டி3210 என்ற கடிகாரத்தை ஓடவிட்டு 20 நொடி காத்திருக்கும். அதற்குள் பதில் போகாவிட்டால் காலவழு.

ஒரு வழுவை அருகில் வைத்துப் பார்ப்போம். எங்கள் சோதனைக்கூடத்தில், அலை வெளியே கசியாத உலோகப் பெட்டிக்குள், ஆஸ்மோகாம் என்ற கட்டற்ற மென்பொருளால் ஒரு சிறு ஜிஎஸ்எம் (இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி) வலையமைப்பு ஓடுகிறது. அதன் பதிவுகளைப் படிக்க நான் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். பத்து இலக்க எண்கள் எல்லாம் சரியாக வந்தன. 41207 என்ற ஐந்து இலக்க எண்ணை அழைத்தபோது மட்டும் ஆறாவதாக ஓர் இலக்கம் முளைத்தது. வலையமைப்புச் செய்திகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் செயலியில் அந்தச் செய்தியைத் திறந்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பைட்டுகள்: 14, 02, எஃப்7. ஜிஎஸ்எம்மில் ஒவ்வொரு பைட்டிலும் இரண்டு இலக்கங்கள், இடம் மாறி உட்காரும். 41 என்பது 14 ஆகிறது, 20 என்பது 02. எஞ்சிய 7 தனித்து நிற்பதால், காலியான பாதியில் எஃப் வந்து நிரப்புகிறது. அந்த எஃப் இலக்கமே அல்ல, 'முடிந்தது' என்ற குறி. என் நிரல் அதையும் ஓர் இலக்கமாக எண்ணிக்கொண்டது. பத்து இரட்டைப்படை என்பதால் அங்கே எஃப் வரவில்லை, வழுவும் வெளிப்படவில்லை. எஃப் வந்தால் நிறுத்து என்று இரண்டு வரி சேர்த்ததும் சரியாயிற்று.

எனக்கு இன்னும் பிடித்த சொல் வழுவமைதி. விதிப்படி தவறு, ஆனாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது. சாப்பிடக் கூப்பிட்டால் உள்ளே இருந்துகொண்டே 'இதோ வந்துட்டேன்' என்கிறோம். இன்னும் வரவில்லை, விரைவு கருதி இறந்தகாலம். அது கால வழுவமைதி. மென்பொருளிலும் இது உண்டு. 2008 டிசம்பரில், தளநிலையங்களை இயக்கும் கட்டுப்பாட்டகமாக வேலை செய்யும் ஓபன்பிஎஸ்சி என்ற கட்டற்ற மென்பொருளை ஹரால்டு வெல்டேயும் டீட்டர் ஷ்பாரும் பெர்லினில் காட்டியபோது, அது பேசியது சீமென்ஸ் பிஎஸ்-11 என்ற ஒரு தளநிலையத்தோடு (கைப்பேசியோடு அலையில் பேசும் கோபுரக் கருவி). பிறகு ஐபி.ஆக்சஸ், நோக்கியா, எரிக்சன் நிலையங்களும் வந்தன. தளநிலையத்துக்கும் கட்டுப்பாட்டகத்துக்கும் இடைப்பட்ட ஏபிஸ் இணைப்பில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வழக்கு வைத்திருக்கிறது. ஓபன்பிஎஸ்சியின் வாரிசான ஆஸ்மோபிஎஸ்சியின் மூலநிரலைத் திறந்தால் ஒவ்வொரு வகை நிலையத்துக்கும் தனிக் கோப்பு இருப்பதைக் காணலாம். தரநூல் விதியோடு ஒவ்வொன்றும் எங்கே ஒத்துப்போகவில்லை, அதை எப்படி அனுசரிப்பது என்ற அறிவு அங்கே சேர்ந்து கிடக்கிறது. 'வொர்க்கரவுண்ட்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். ஏன் ஏற்றுக்கொண்டோம் என்ற காரணத்தையும் குறிப்பாக எழுதி வைக்க வேண்டும். காரணம் எழுதப்படாத வழுவமைதியை, பின்னால் வருகிறவர் வழு என்று நினைத்து நீக்கிவிடுவார். எங்கோ ஒரு பழைய நிலையம் பேசாமல் போய்விடும்.

பிழை, பழுது, வழு மூன்றையும் கலக்காமல் எழுதலாம். கோபுரத்தின் மின்கலம் செத்தால் பழுது. திரையில் வருவது பிழைச்செய்தி. அதற்குக் காரணமாக நிரலுக்குள் இருப்பது வழு. டீபக்கிங் வழுநீக்கம், டீபக்கர் வழுநீக்கி, பக் ரிப்போர்ட் வழு அறிக்கை. 'பிழைதிருத்தி' என்று டீபக்கரைச் சிலர் எழுதுகிறார்கள். அது எழுத்துப்பிழை பார்க்கும் செயலிக்கு ஏற்கெனவே போய்விட்ட பெயர். எங்கள் கூடத்துப் பதிவேட்டில் இப்போது இரண்டே தலைப்புகள்: நீக்க வேண்டியவை 'வழு' என்பதன் கீழ், காரணத்தோடு விட்டுவைத்தவை 'அமைதி' என்பதன் கீழ்.