கோதுமை வயலில் பசித்த குஞ்சு

கௌதாரி என்றதும் நமக்கு முள்காட்டு ஓரமும், காலடியிலிருந்து விருட்டென்று கிளம்பும் சிறகுச் சத்தமும்தான் நினைவுக்கு வரும். அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் வாழ்கிறது. இனம் வேறு, இங்கே அதைச் சாம்பல் கௌதாரி என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு வருடத்துக்கு லட்சக்கணக்கில் சுட்டுத் தள்ளியும் குறையாத பறவை அது. 1960களின் பிற்பகுதிக்குப் பிறகு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. துப்பாக்கியால் முடியாததை எது செய்தது?

இதற்கு விடை தேடி, டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் 1968-இல் தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் குன்றுகளில் ஒரு ஆய்வைத் தொடங்கினார். பறவைகளை எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. ஜூன் மாதங்களில் வயலுக்குள் போய், வாக்குவம் கிளீனர் மாதிரியான கருவியால் பூச்சிகளை உறிஞ்சி எடுத்து, வகை பிரித்துக் கணக்குப் போட்டார்கள். கௌதாரி ஆய்வில் பூச்சிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சாம்பல் கௌதாரி ஒரே ஈட்டில் பதினைந்து முட்டை வரை சாதாரணமாக இடும். ஜூன் நடுவில் குஞ்சுகள் வெளிவரும். பத்து கிராம்கூட இருக்காது. பிறந்த சில மணி நேரத்திலேயே தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். தாய் வழிகாட்டும், சிறகுக்குள் வைத்துச் சூடு கொடுக்கும், ஆனால் ஊட்டாது. குஞ்சு தன் இரையைத் தானே கொத்த வேண்டும். இறகு முளைக்கப் புரதம் வேண்டும், அதனால் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் பூச்சிதான் உணவு. வளர்ந்த பறவை புல்லும் விதையும் தின்று பிழைத்துக்கொள்ளும்; குஞ்சால் முடியாது.

1950களில் களைக்கொல்லி வந்தது. அடித்த மருந்து கௌதாரியைத் தொடவில்லை. களை செத்தது, களையைத் தின்று வாழ்ந்த வண்டும் சாறு உறிஞ்சும் பூச்சி இனங்களும் போயின. பனியில் நனைந்த கோதுமைத் தாள்களுக்கு நடுவே ஒரு குஞ்சை நினைத்துப் பாருங்கள். முன்பு பத்தடியில் கிடைத்த இரைக்கு இப்போது நூறடி அலைகிறது. அலைந்தால் நனையும், நனைந்தால் குளிரும், நின்றால் பசிக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, தின்ன ஒன்றுமில்லை. எனக்கு இந்த ஆய்வில் மனதை விட்டுப் போகாத காட்சி இதுதான்.

சாஃப்ளை என்ற பூச்சியின் பச்சைப் புழு குஞ்சுக்கு அருமையான தீனி. அது மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். பழைய விவசாயிகள் தானியத்துக்கு அடியிலேயே புல்லும் குளோவர் என்ற தீவனச் செடியும் விதைத்து வைப்பார்கள். அறுவடை முடிந்தபின் அது மேய்ச்சலாகும், உழவு கிடையாது. மண்ணுக்குள் இருந்த சாஃப்ளை பத்திரமாக மறுவருடம் எழும். அந்த வழக்கம் குறைந்து அறுவடை முடிந்ததும் ஏர் இறங்கவே, அதுவும் குறைந்தது.

சரி, காரணம் தெரிந்தது. என்ன செய்தார்கள்? வயல் முழுவதையும் மாற்றச் சொன்னால் எந்த விவசாயியும் கேட்க மாட்டார். 1980களில் வயலின் ஓரத்தில் ஆறு மீட்டர் அகலத்தை மட்டும் கேட்டார்கள். அந்தப் பட்டையிலும் கோதுமைதான். ஆனால் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்தையும் பூச்சி மருந்தையும் அங்கே கட்டுப்படுத்தினார்கள். பூச்சிகள் திரும்பின, பிழைத்த குஞ்சுகள் கூடின.

அடுத்தது வண்டு வரப்பு. பெரிய வயலின் நடுவே இரண்டு பக்கமும் மண்ணை உழுது ஒதுக்கி, முழங்கால் உயரத்துக்கும் குறைவான மேடு எழுப்பி, கொத்துக் கொத்தாக வளரும் புல்லை விதைப்பார்கள். அகலம் சுமார் இரண்டு மீட்டர். டிராக்டர் திரும்ப இரு முனையிலும் இடைவெளி உண்டு. இரண்டு மூன்று குளிர்காலம் கழிந்தபின் புல்லடியைப் பிரித்துப் பார்த்தால், ஒரு சதுர மீட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தரைவண்டுகளும் சிலந்திகளும் ஒடுங்கிக் கிடக்கும். வசந்தத்தில் அவை வயலுக்குள் பரவி அசுவினியைத் தின்னும், விவசாயிக்கும் லாபம். தண்ணீர் தேங்காத அந்த மேட்டில், போன வருடத்துக் காய்ந்த புல்லுக்குள் கௌதாரி கூடு வைக்கும். நம் ஊரில் வரப்புப் புல்லுக்கும் மருந்து அடிக்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இந்த மேடு நினைவுக்கு வரும்.

மூன்றாவது விஷயம் கேட்கச் சங்கடமானது. தெற்கு இங்கிலாந்தின் சால்ஸ்பரி சமவெளியில் 1984 முதல் 1990 வரை ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியில் கூடு வைக்கும் காலத்தில் நரி, காகம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தினார்கள். இன்னொன்றை அப்படியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்து இரண்டு பகுதிகளையும் மாற்றிப் போட்டார்கள். கட்டுப்படுத்திய இடத்தில் மூன்று ஆண்டுகளில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் 2.6 மடங்காயின. நரியைக் கொல்வது எனக்கு உவப்பானதல்ல. ஆனால் ஒதுங்க இடமில்லாமல் மெலிந்த வேலி ஓரத்தில் அடைகாக்கும் பறவையை நரி எளிதாகக் கண்டுபிடிக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

இதற்கெல்லாம் செலவு செய்பவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காக நிலம் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்லப்பட்டிருக்கிறது: இலையுதிர்காலத்தில் 100 ஹெக்டேருக்கு 20 பறவை இல்லையென்றால் ஒன்றைக்கூடச் சுடக் கூடாது.

பாட்ஸ் ஆய்வு செய்த அதே சசெக்ஸில், அருண்டெல் அருகே நார்ஃபோக் பிரபுவின் பண்ணையில், 2003 வாக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஜோடிகளே மிஞ்சியிருந்தன. வேலிப்புதர் நட்டு, வண்டு வரப்பு போட்டு, குளிர்காலத்தில் தானியம் வைத்து, வேறு இடத்திலிருந்து சில பறவைகளையும் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் ஜோடிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. வானம்பாடிகளும் கூடவே வந்தன. கோதுமை இன்றும் அங்கே விளைகிறது.