ஆயா: பாட்டியா, பணியாளரா?

ஆயா (பெயர்ச்சொல்): 1. பிறர் வீட்டுக் குழந்தையைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் பெண். 2. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் உதவி வேலை செய்யும் பெண். 3. வட்டார வழக்கில் பாட்டி. சில இடங்களில் தாய்.

முதல் பொருளும் மூன்றாம் பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் வேறு வேறு திசையிலிருந்து வந்து ஓரிடத்தில் சந்தித்தவை. தாயைக் குறிக்கும் ஆய், ஆயி என்ற தமிழ்ச் சொற்களின் வழியில் வந்தது உறவுமுறை ஆயா. வேலைக்கு வைக்கும் ஆயா போர்த்துகீசியம். அந்த மொழியில் 'ஆயா' என்றால் குழந்தையை வளர்க்க அமர்த்தப்பட்ட பெண். சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் வந்த அதே கப்பலில் இதுவும் வந்திறங்கியது. பிறகு ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டில் இதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், போர்த்துகீசியச் சொல்லின் மூலமாக அகராதிகள் காட்டும் லத்தீன் சொல் 'ஆவியா'. அதன் பொருளும் பாட்டிதான்.

இப்போது அதிகம் புழங்கும் 'நானி'யும் இதே மடியில்தான் போய் உட்காருகிறது. இது ஆன் என்ற பெண்பெயரின் செல்ல வடிவத்தோடும், குழந்தைகள் பெரியவர்களை மழலையில் கூப்பிடும் ஒலியோடும் தொடர்புடைய ஆங்கிலச் சொல். இந்தியில் நானி என்றால் அம்மாவின் அம்மா. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் இந்தியும் தெரிந்த வீட்டில் கேட்பவர் காதில் விழுவது பாட்டிதான்.

சொல் பாட்டியாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டிக்கு வேலை நேரம் கிடையாது. வார விடுமுறை கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தையைத் தூக்கினால் கூடுதல் காசு கேட்க மாட்டாள். 'எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி' என்று சொல்லும்போது பெரும்பாலோர் மனமாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் முக்கியமான சொல் 'மாதிரி'. நேரம் தாண்டி நிற்கச் சொல்லும்போது அவள் வீட்டில் ஒருத்தி. உடம்பு சரியில்லை என்று மூன்று நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். உறவு என்றால் இரண்டு பக்கமும் உறவாக இருக்க வேண்டும், வேலை என்றால் இரண்டு பக்கமும் வேலையாக இருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்த 'ஆயா'வே சாட்சி. காலனி ஆட்சிக் காலத்தில் ஆங்கிலேயக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது, கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களையும் கூட்டிப்போனார்கள். போய் இறங்கியதும் வேலை முடிந்தது. திரும்பி வரும் கப்பல் டிக்கெட் யார் பொறுப்பு என்பதை எழுதி வைக்காததால் பலர் லண்டனில் கைவிடப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகவே அங்கே 'ஆயாக்கள் இல்லம்' ஒன்று நடந்தது. ஹாக்னி பகுதியில் அது இருந்த கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை வைத்தார்கள். 2011 ஜூன் 16 அன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்றுக்கொண்ட வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை (எண் 189), வெளிநாட்டு வேலையானால் ஊர் திரும்பும் ஏற்பாட்டையும் ஒப்பந்தத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் பணியாளர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. 'பத்திரமா பீரோவுல வச்சிருக்கேம்மா' என்று வாங்கி வைப்பது இந்த விதிக்கு நேர் எதிர்.

தமிழில் இதற்குப் பழைய சொல் செவிலி. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். அகப்பாடல்களில் தலைவியின் உயிர்த்தோழி இந்தச் செவிலியின் மகள். 'தோழி தானே செவிலி மகளே' என்பது தொல்காப்பியம். தாயும் மகளும் ஒரே வீட்டோடு பிணைந்திருந்த ஏற்பாடு அது. பின்னாளில் நிகண்டுகளும் உரைகளும் செவிலித்தாயரை ஐந்தாகப் பிரித்தன: ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடி பயிற்றுவாள், கைத்தாய். நீராட்டுகிறவள் ஒருத்தி, சோறூட்டுகிறவள் ஒருத்தி, தாலாட்டித் தூங்கவைக்கிறவள் ஒருத்தி, பேச்சு பழக்குகிறவள் ஒருத்தி, இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறவள் ஒருத்தி.

இன்றைக்கு இந்த ஐந்தையும் ஒருத்தியே செய்கிறாள். அது குறையல்ல. கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியலில் இல்லாதவற்றை. பாத்திரம் துலக்குகிறவள் அதில் இல்லை. பெரியவர்களின் துணி துவைக்கிறவள் இல்லை. வீடு பெருக்குகிறவளும் இல்லை. வேலை விரிவது எப்போதும் ஒரே தடத்தில்தான் நடக்கும். முதல் மாதம் குழந்தையின் துணி மட்டும். இரண்டாம் மாதம் 'மெஷின் எப்படியும் ஓடுதே' என்று பெற்றோர் துணியும் சேரும். அடுத்து அதைக் காயப்போடுவது, மடிப்பது, இஸ்திரி. குழந்தை தூங்கும் ஒன்றரை மணி நேரத்தைத்தான் இவையெல்லாம் தின்னும். அந்த நேரம் அவள் சாப்பிடவும் காலை நீட்டவும் உள்ள நேரம். சரியான கோடு இப்படி இருக்கலாம்: குழந்தையின் தட்டு, குழந்தையின் துணி, குழந்தையின் அறை, விளையாட்டுச் சாமான் ஆகியவை வேலைக்குள் அடங்கும். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் பேசி, எழுதி, தொகையைக் கூட்டித்தான் சேர்க்க வேண்டும். இரண்டாவது குழந்தை பிறப்பதும் இதில் சேர்த்தி. 'அதே வீடுதானே' என்பது கணக்காகாது.

செவிலி என்ற சொல் இன்று மருத்துவமனைக்குப் போய்விட்டது. ஆங்கில 'நர்ஸ்' போன வழியும் இதுவே. அதன் லத்தீன் வேர் ஊட்டி வளர்ப்பதைக் குறிப்பது. ஆகவே வீட்டு வேலைக்கு விளம்பரம் கொடுக்கும்போது 'செவிலி தேவை' என்று எழுதினால் நர்சிங் படித்தவர்கள்தான் போன் செய்வார்கள். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் நர்சுக்கு வழங்கும் 'தாதி'க்கும் இதே கதி. அந்தச் சொல்லுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும் தாத்ரி, அடிமைப் பெண்ணைக் குறிக்கும் தாசி என்ற இரண்டு வடசொற்களும் தமிழுக்கு வரும்போது தாதி என்ற ஒரே உருவில் கலந்துவிட்டன. அம்மாவும் அடிமையும் ஒரே எழுத்தில் இருப்பது இந்த வேலையின் வரலாற்றுக்கு ரொம்பவே பொருத்தம்.

'ஓ பேர்' என்ற பிரெஞ்சுத் தொடரையும் சிலர் நானி என்ற பொருளில் எழுதுகிறார்கள். அது தவறு. 'சமநிலையில்' என்பது அதன் பொருள். வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கி, மொழி கற்றுக்கொண்டு, கைமாறாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இளையவரைக் குறிப்பது. 1969இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்பாடு இதற்கு வயது 17 முதல் 30 வரை, வேலை பொதுவாக நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மிகாமல், வாரம் ஒரு முழு நாள் ஓய்வு என்று வரம்பு கட்டியது. கையில் கொடுப்பது சம்பளம் அல்ல, கைச்செலவுப் பணம். இந்தப் பெயரைச் சொல்லி ஒருவரை அழைத்து வந்து நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை வாங்கினால், சமநிலை என்ற சொல்லே பொய்யாகிறது.

சம்பளம் என்ற சொல்லையும் தொட்டுவிட்டுப் போகலாம். சம்பு (நெல்), அளம் (உப்பு) இரண்டும் சேர்ந்தது என்று சிலர் பிரிப்பார்கள். வழிச்செலவுக்கான உணவைக் குறிக்கும் சம்பல என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்வார்கள். எந்த வழியில் போனாலும் ஒரு காலத்தில் சம்பளம் பண்டமாக இருந்தது தெரிகிறது. இன்றும் அந்த வாடை போகவில்லை. 'சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்து' என்று தொடங்கி அதைச் சம்பளத்தில் கழிக்கும் வழக்கம் அதன் மிச்சம். எண் 189 பொருளாகக் கொடுப்பதை ஒரு சிறு பங்குக்குள் மட்டும், அதுவும் பணியாளர் சம்மதித்தால், அவருடைய சொந்த உபயோகத்துக்கானதாக இருந்தால் அனுமதிக்கிறது. பணம் மாதம் ஒரு முறையாவது கையில் சேர வேண்டும். வேலைக்காகப் போடும் ஏப்ரனும் சீருடையும் சம்பளத்தில் சேராது, அவற்றுக்குப் பிடித்தமும் கூடாது என்பது அதோடு வந்த பரிந்துரை 201.

நேரத்தில்தான் அதிகம் தகராறு வருகிறது. காலை 9 முதல் மாலை 6 வரை என்று பேச்சு. பெற்றோர் தினமும் 6.20க்கு வருகிறார்கள். இருபது நிமிடம் என்ன பெரிது என்று தோன்றும். மாதம் 22 வேலை நாள் என்றால் 440 நிமிடம், அதாவது 7 மணி 20 நிமிடம். ஏறக்குறைய ஒரு நாள் வேலை இலவசமாகப் போகிறது. தீர்வு எளிது. வரும் நேரம், போகும் நேரம் இரண்டையும் தினமும் ஒரே நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் இருவரும் கூட்டிப் பார்த்து, கால் மணி நேரக் கணக்கில் மிகைநேரக் கூலி கொடுப்பது. நோட்டு அவள் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

வீட்டோடு தங்குகிறவருக்கு 'காத்திருப்பு நேரம்' என்ற இன்னொரு சொல் தேவை. குழந்தையின் அறையில் படுத்து, அழுதால் எழ வேண்டும் என்றால் அது ஓய்வு ஆகாது. 'ராத்திரி தூங்கத்தானே செய்யுறே' என்ற வாதம் 11.30, 2.10, 4.45 என்று மூன்று முறை எழுந்த இரவில் நிற்காது. ஆகவே இரவுக்கு ஒரு தொகை, எழுந்த நேரத்துக்குத் தனிக் கணக்கு, மறுநாள் ஈடுசெய் ஓய்வு என மூன்றையும் முன்பே பேசிவிட வேண்டும். வார ஓய்வு தொடர்ந்து 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். சனி பாதி, ஞாயிறு பாதி என்று வெட்டிக் கொடுப்பது ஓய்வு அல்ல. அந்த ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே இருக்கும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. குடும்பச் சுற்றுலாவுக்கு அவளையும் கூட்டிப்போய்விட்டு, அந்த நாள்களை அவளுடைய விடுப்பில் கழிப்பதும் தவறு. குடும்பம் மட்டும் ஊருக்குப் போனாலும் அந்த வாரச் சம்பளம் உண்டு என்று முன்பே ஒப்புக்கொள்வதற்குப் பெயர் 'உறுதி நேரம்'. இதை எழுதாத வீடுகளில் முதல் நீண்ட விடுமுறையிலேயே உறவு கசந்துவிடுகிறது.

எதிர்பார்ப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. நேரத்துக்கு வருவது, வர முடியாவிட்டால் முதல் நாள் இரவே சொல்வது, குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் போடாமல் இருப்பது, வீட்டுப் பேச்சை வெளியே கொண்டுபோகாமல் இருப்பது ஆகியவற்றைப் பெற்றோர் எதிர்பார்ப்பது நியாயம். எல்லாவற்றுக்கும் மேலாக நாள்குறிப்பு. நல்ல குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்:

"11.40 பால் 120 மி.லி. கலந்தது. 90 குடிச்சாச்சு. மீதி கொட்டியாச்சு. 12.20–1.35 தூக்கம். 1.40 டயப்பர், ஈரம் மட்டும். மருந்து இல்லை."

ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் உண்டு. பவுடர் பாலில் குழந்தை வாய்வைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது, எச்சில் கலந்த பாலில் கிருமி பெருகும். எனவே கலந்த நேரமும் கொட்டியதும். கடைசிச் சொல் இன்னும் முக்கியம். காலையில் அம்மா காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு அவசரத்தில் சொல்லாமல் போவார், பகலில் ஆயாவும் கொடுப்பார், அளவு இரட்டிப்பாகும். அதனால் மருந்து எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அளவுச் சிரிஞ்சில் எடுத்து. 'ஒரு ஸ்பூன்' என்பது அளவே இல்லை. வீட்டுக்கு வீடு ஸ்பூன் மாறும். பழி வரும்போது பேசுவதற்கு அவளிடம் இருக்கும் ஒரே ஆவணமும் இந்தக் குறிப்புதான். கேமரா வைத்திருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவள் உடை மாற்றும், தூங்கும் இடத்தில் வைக்கவே கூடாது.

நிறுத்துவதற்கும் நிற்பதற்கும் முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். இரண்டு முதல் நான்கு வாரம் வழக்கம். வீட்டோடு தங்குபவருக்கு வேலையோடு கூரையும் போகிறது, ஆகையால் அவருக்குக் கூடுதல் அவகாசம் தேவை. 'பார்க்கலாம், ரெண்டு நாள் வந்து பாரு' என்று சொல்லும் சோதனை நாள்களுக்கும் கூலி உண்டு.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'வேலைக்காரி' பொருந்தாது, அதில் வேலையைவிட மட்டம் தட்டும் தொனியே அதிகம். 'குழந்தைப் பராமரிப்பாளர்' எல்லோருக்கும் புரியும், விளம்பரத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் போதும். வடசொல் வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை 'குழந்தைப் பேணுநர்'. பேணுதல் என்பதில் காப்பதும் போற்றுவதும் மதிப்பதும் அடங்கும். ஆணும் பெண்ணும் இந்த ஒரே சொல்லில் வருவார்கள், ஆயாவில் அது முடியாது. குழந்தை கூப்பிடுவதற்கு ஆயாம்மாவோ அக்காவோ அத்தையோ இருந்துவிட்டுப் போகட்டும், அது அவர்கள் இருவருக்கும் உள்ள விஷயம். காகிதத்தில் மட்டும் உறவுச்சொல் வேண்டாம்.

எழுத்து: பேணு + நர் = பேணுநர்; ஓட்டுநர், இயக்குநர் போல. 'பேணுனர்' பிழை. பன்மை: பேணுநர்கள்.