ஹாலோஜன் ஹெட்லைட்டில் எச்.ஐ.டி. பல்பு: சுவரில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்

"ராத்திரில ரோடே தெரியல, எச்.ஐ.டி. போட்டுக் குடுங்கண்ணே" என்று, வாயுவில் மின்பொறி எரிந்து ஒளி தரும் அந்தப் பல்பைக் கேட்டு வருகிறவர்களின் வண்டியை முதலில் சுவருக்கு நேரே நிறுத்தி லோ பீம், அதாவது எதிரே வண்டி வரும்போது போடும் தாழ்ந்த வெளிச்சம், போடச் சொல்வேன். ஹாலோஜன் பல்பென்றால் சுவரில் தெளிவாக ஒரு கோடு விழும். மேலே இருட்டு, கீழே வெளிச்சம். இடது ஓரம் மட்டும் சற்று ஏறியிருக்கும். சாலையோரம் நடப்பவர் நம் கண்ணில் படுவதற்கான ஏற்றம் அது. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பது அந்த இருட்டுதான்.

லோ, ஹை இரண்டும் ஒரே பல்பில் வரும் ஹாலோஜன் வகையான எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள், லோ பீம் இழைக்கு அடியில் கிண்ணம் போல ஒரு தகடு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கித் தெறிக்கக்கூடிய ஒளியை அது தடுத்துவிடுகிறது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கோடு கலையும்.

எச்.ஐ.டி.யில் இழையே கிடையாது. இரு முனைகளுக்கு நடுவே 4 மி.மீ. அளவு இடைவெளியில் மின்பொறி வளைந்து எரிகிறது. எச்4 லோ பீம் தரும் ஒளியின் அளவு சுமார் 1,000 லூமென். எச்.ஐ.டி. 35 வாட்டிலேயே 3,000 வரை தரும். எச்4-க்குப் பதிலாகப் போடும் எச்.ஐ.டி. கிட்டுகள் பலவற்றில் பல்பையே காந்தத்தால் முன்னும் பின்னும் நகர்த்தித்தான் லோ, ஹை மாற்றுகிறார்கள். அந்த அசைவில் துல்லியம் எப்படி வரும்? சுவரில் கோடு போய்ப் புகைமூட்டம்தான் தெரியும். அந்தப் புகைமூட்டம் எதிரே பைக்கில் வருகிறவரின் முகத்தில் அடிக்கிறது. சில நொடிகள் அவருக்குக் குழியும் தெரியாது, குறுக்கே வரும் ஆளும் தெரியாது.

ஓட்டுகிறவருக்கும் லாபமில்லை. பானட்டுக்கு முன்னால் தரை பளீரென்று இருந்தால் கண்மணி சுருங்கி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். 8,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று விற்கும் நீல வெளிச்சம் மழையில் இதைவிட மோசம்.

கம்பெனியிலிருந்தே எச்.ஐ.டி.யோடு வரும் கார்களின் விளக்குக்கூடு அந்தப் பொறிக்கென்றே வடிவமைத்தது. நாமாக மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவிலும் சிக்கும்.

வெளிச்சம் குறைகிறதென்றால் முதலில் பல்பு முனையில் வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும். பழைய வண்டிகளில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து விளக்குக்குத் தனி வயர் இழுத்தாலே பலருக்குக் குறை தீர்ந்திருக்கிறது. மஞ்சளித்த கண்ணாடியைப் பாலிஷ் போடுங்கள். பிறகு சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டரில் நிறுத்தி, கோடு விளக்கின் மையத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி விளக்கின் ஸ்க்ரூவைத் திருகுங்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்றால் வண்டியின் மூக்கு தூக்கும். டாஷ்போர்டில் 0, 1, 2, 3 போட்ட சக்கரம் இருந்தால் அதைச் சுழற்றி ஒளியை இறக்கிக்கொள்ளுங்கள்.