ஏழாவது படியில் நடப்பது

ஏணியைச் சுவரில் சாத்தியதும் பெரும்பாலோர் முதல் படியில் ஏறி நின்று உடம்பை ஒரு முறை உலுக்கிப் பார்ப்பார்கள். ஏணி அசையாது. "நன்றாக நிற்கிறது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே போய்விடுவார்கள். இந்தச் சோதனையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். கீழ்ப்படியில் அசையாத ஏணி உச்சியிலும் அசையாது என்பதற்கு அது சான்றே அல்ல.

சாய்த்து வைத்த ஏணியில் நிற்பவரின் எடையைத் தரை தாங்குகிறது. ஏணியின் தலையோ சுவரைத் தள்ளுகிறது. சுவர் அதே அளவு திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் ஏணிக்காலைப் பின்னோக்கிச் சறுக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது தரையின் உராய்வு. ஆள் மேலே ஏற ஏறத் தள்ளல் கூடிக்கொண்டே போகும். தரைமீது விழும் எடை மாறாததால் உராய்வின் பிடி அப்படியே இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்துப் படி ஏணி. ஏறுபவர் 70 கிலோ. உராய்வுக் கெழு, அதாவது தரைமீது விழும் எடையில் எத்தனை பங்கு வரை உராய்வு பிடித்து நிறுத்தும் என்ற அளவு, 0.4. ஏணியின் சொந்த எடையையும் சுவரின் உராய்வையும் விட்டுவிடுவோம். தரையின் பிடி அதிகபட்சம் 28 கிலோ எடைக்குச் சமம். ஏணி தரையோடு 60 பாகைச் சாய்வில் இருந்தால் முதல் படியில் தள்ளல் 4 கிலோ அளவுதான். ஆறாவது படியில் 24. ஏழாவது படியில் கால் வைத்ததும் 28-ஐத் தாண்டுகிறது. அங்கேதான் ஏணி சறுக்கும். சறுக்கத் தொடங்கிய பொருளின் உராய்வு பொதுவாக இன்னும் குறையும்; ஏணி மேலும் சாய்வதால் தள்ளலோ ஏறும். ஆகவே தொடங்கிய சறுக்கல் தானாக நிற்பதில்லை. 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் முக்கால் நொடியில், மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைகிறார். சுதாரிக்க நேரமே கிடையாது.

இதற்காகத்தான் "நாலுக்கு ஒன்று" என்ற விதி. தலை சாயும் இடம் 4 மீட்டர் உயரம் என்றால் கால் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஏறக்குறைய 75 பாகை. அப்போது உச்சிப் படியிலும் தள்ளல் பதினேழரைக் கிலோதான். அளவுகோல் வேண்டாம்: ஏணிக்காலில் கால்விரல் படும்படி நிமிர்ந்து நின்று தோளுயரத்தில் கைகளை நீட்டினால், உள்ளங்கை படியைத் தொட வேண்டும். இதைவிடச் செங்குத்தாக வைத்தால் வேறு ஆபத்து: ஏறுபவர் ஏணியோடு பின்பக்கம் மல்லாந்துவிடுவார்.

துணைக்கு ஆள் இருந்தால் ஏணியின் நடுவே கையால் பிடிப்பதைவிடக் கீழ்ப்படியில் ஏறி நிற்பது மேல். அதே 60 பாகை ஏணியில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் அப்படி நின்றால் தரையின் பிடி 52 கிலோவாக உயர்கிறது. தள்ளலில் கூடுவது நாலு கிலோகூட இல்லை.

ஏறுமுன் ஏணியைப் படுக்க வைத்து அதன் ரப்பர் பாதங்களைப் பாருங்கள். வரிப்பள்ளங்கள் தேய்ந்து வழவழவென்று இருக்கிறதா? பள்ளத்தில் மண் அடைத்திருக்கிறதா? ஒரு மூலை கிழிந்து அலுமினியம் நேரே தரையைத் தொடுகிறதா? ஈரத் தரையில் உராய்வுக் கெழு 0.2-க்கு இறங்கினால், சரியான சாய்வில் வைத்த ஏணிகூட ஒன்பதாவது படிக்குள் சறுக்கிவிடும்.

பக்கவாட்டில் எட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. தொப்புள் இரண்டு நெடுஞ்சட்டங்களுக்கு வெளியே போகக் கூடாது. எட்டவில்லையென்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். சோம்பல் பட வேண்டிய இடம் இதுவல்ல.

மடக்கு ஏணியை விரித்துப் பூட்டாமல் சுவரில் சாத்துவது தவறு. அதன் பாதங்கள் விரித்த நிலைக்கு ஏற்றபடி வெட்டப்பட்டவை. சாத்தினால் விளிம்பு மட்டுமே தரையில் படும்.

வாங்கும்போது லேபிளில் உள்ள எடை வரம்பைப் பாருங்கள். கையிலிருக்கும் கருவி, பெயின்ட் டப்பா எல்லாம் அந்த வரம்புக்குள் அடக்கம். கூரைக்கு ஏறுவதென்றால் விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டராவது ஏணி நீண்டிருக்க வேண்டும். இறங்கும்போது பிடிக்க ஒன்று வேண்டுமே. மின்கம்பி அருகே அலுமினியம் வேண்டவே வேண்டாம். நனைந்த மரமும் மின்சாரத்தைக் கடத்தும்.

வேலை முடிந்ததும் படுக்கை வாட்டில், மூன்று இடங்களில் முட்டுக் கொடுத்து வையுங்கள். இரண்டே முட்டு என்றால் நீண்ட ஏணி நாளடைவில் நடுவில் தொய்யும். ஃபைபர் ஏணிக்கு வெயில் ஆகாது, மர ஏணிக்கு ஈரம் ஆகாது. மர ஏணிக்கு வண்ணம் பூசவே கூடாது. விரிசலைப் பெயின்ட் மூடிவிடும். நிறமற்ற வார்னிஷ் மட்டும் அடியுங்கள்.