பஸ்ஸில வாற பிரச்சினைய யாருக்கு, எப்பிடி முறையிடுறது: திருகோணமலை ஆக்களுக்கு

போன வருசம் ஒரு நாள் காலம ஆறரைக்கு எங்கட அம்மா சாம்பல்தீவு ஹோல்ட்டில நிண்டவ. கிளினிக் கொப்பிய ஷொப்பிங் பேக்கால சுத்தி நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு. பஸ் வந்தது, ஸ்லோவும் பண்ணினது, முன் கதவில தொங்கின பொடியன் ஒரு வயசுபோன மனுசி மட்டும்தான் நிக்கிறா எண்டு பாத்திட்டு "பின்னால ஒண்டு வருது அம்மா" எண்டு கையக் காட்டினான், பஸ் போயிட்டுது. பின்னால வந்தது முக்கால் மணித்தியாலம் கழிச்சு. ஆசுபத்திரியில நம்பர் எடுக்கேக்குள்ள எழுபதத் தாண்டிட்டுதாம், சாப்பிடாமப் போன மனுசி ரெண்டு மணி மட்டும் வாங்கில இருந்திருக்கிறா.

அண்டைக்கு இரவே கோவத்தில ரெண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினன். அதில பஸ் நம்பர் இல்ல, நேரம் "காலையில" எண்டு மட்டும்தான் கிடந்தது, அனுப்பின இடமும் பிழை. ஒண்டரை மாசம் கழிச்சு அந்த ரூட் தங்களுக்குக் கீழ வராது எண்டு ஒரு வரியில பதில் வந்தது. அதுக்குப் பிறகுதான் இத ஒழுங்கா விசாரிச்சு அறிஞ்சன், எங்கட ஆக்கள் கனபேர் இதே பிழையத்தான் விடுறாங்க, முறைப்பாடு நியாயமானதா இருக்கும், ஆனா போற இடம் பிழைச்சுப் போகும்.

முதல்ல விளங்க வேண்டியது, திருகோணமலை பஸ் ஸ்டாண்டில நிக்கிற பஸ் எல்லாத்துக்கும் ஒரே பொறுப்பாள் இல்ல. மூண்டு பேர் இருக்கிறாங்க.

சிவப்பு பஸ், நாங்க இண்டைக்கும் சிடிபி பஸ் எண்டு சொல்லுறது, இலங்கை போக்குவரத்துச் சபையிட பஸ். அது கிண்ணியாவுக்கு ஓடினாலும் சரி கொழும்புக்கு ஓடினாலும் சரி பொறுப்பு அந்தச் சபைதான், நம்பர் 1958. பழைய போக்குவரத்துச் சபை தொடங்கின வருசமும் 1958 தான், அப்பிடி நினைச்சா நம்பர் மறக்காது. இப்ப இருக்கிற சபை 2005ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. டிப்போவிலயும் நேரா போய்ச் சொல்லலாம், டைம்கீப்பரிட்ட சொல்லுறது கெட்டதில்ல, ஆனா வாயால சொன்னத எழுத்தில குடுத்தாத்தான் பிறகு கேட்க ஏலும்.

பிரைவேட் பஸ்ஸிலதான் குழப்பம். ஆக்கள் தூரத்தப் பாத்து முடிவெடுக்கிறாங்க, கிட்டப் போற பஸ் எண்டா லோக்கல், தூரப் போற பஸ் எண்டா கொழும்பு ஒபிஸ் எண்டு. அப்பிடி இல்ல. பாக்க வேண்டியது பஸ் மாகாண எல்லையத் தாண்டுதா எண்டு மட்டும்தான். திருகோணமலையில இருந்து மூதூர், வெருகல் தாண்டி மட்டக்களப்பு, கல்முனை மட்டும் நூறு கிலோமீற்றருக்கு மேல ஓடுற பிரைவேட் பஸ் கிழக்கு மாகாணத்துக்குள்ளயேதான் ஓடுது, அதுக்குப் பேர்மிட் குடுக்கிறது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. ஆனா ஹொரவப்பொத்தானைக்குப் போற பஸ் அதுல பாதித் தூரம்கூட ஓடாது, எண்டாலும் அது வடமத்திய மாகாணத்துக்குள்ள போகுது, அதால அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்குக் கீழ. வவுனியா, யாழ்ப்பாணம், அநுராதபுரம், கண்டி, 49ஆம் நம்பர் கொழும்பு பஸ் எல்லாம் அதே மாதிரித்தான். ஆணைக்குழு 1991ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது, அதுக்கு நம்பர் 1955.

அப்ப நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று இதுகளுக்கு ஓடுற பிரைவேட் பஸ் எல்லாம் மாகாண அதிகாரசபைக்குத்தான். 1955க்கு அடிச்சு நிலாவெளி பஸ்ஸப் பற்றிச் சொன்னா அவங்களால அந்தப் பேர்மிட்டில கை வைக்கேலாது, அது அவங்க குடுத்ததில்ல. மாகாண சபை 2017 செப்டம்பரில கலைஞ்சாப் பிறகு நிர்வாகம் ஆளுநருக்குக் கீழ நடக்குது, முந்தி மாதிரி ஒரு மாகாண சபை உறுப்பினரப் பிடிச்சுச் சொல்லுவம் எண்டு இருந்தா சரிவராது, அதிகாரசபைக்கே எழுதுங்க.

சரி, எழுதுறது எப்பிடி. "டிரைவர்மார் சரியான மோசம், கேட்க ஆளில்ல" எண்டு எழுதினா வாசிக்கிற ஒபிசருக்கு உங்கட வேதன விளங்கும், ஆனா அவரால ஒருத்தரையும் கூப்பிட்டு விசாரிக்கேலாது, ஏனெண்டா யாரக் கூப்பிடுறது? நான் ரெண்டாந்தரம் எழுதினது ஆறு வரி. திகதி, கிழம. நேரம் 6.35. பஸ்ஸிட நம்பர் பிளேட் இலக்கம். எங்க இருந்து எங்க போற பஸ். எந்த ஹோல்ட்டில நிண்டம், என்ன நடந்தது. கண்ட ஆள் யார். அவ்வளவுதான். பஸ் நம்பர் எங்க இருந்து கிடைச்சது எண்டு கேப்பீங்க, அதே ஹோல்ட்டில ஸ்கூல் வானுக்கு நிண்ட ஒரு தங்கச்சி, அம்மாவ விட்டிட்டுப் போறதப் பாத்திட்டு போனில பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தவ. அது இல்லாட்டி ஒண்டும் நடந்திராது. பேர்மிட் வச்சிருக்கிற முதலாளிய விசாரணைக்குக் கூப்பிட்டாங்க, அம்மாவும் போனவ. "அந்தப் பொடியன்ட வேலை போக வேணாம், கையக் காட்டினா நிப்பாட்டச் சொல்லுங்கோ, அது காணும்" எண்டுதான் சொன்னவவாம். எச்சரிச்சு எழுதி வாங்கினாங்க.

அந்தப் பொடியனிலயும் முழுப் பிழை சொல்லேலாது எண்டு நானும் நினைக்கிறன். கனக்க பிரைவேட் பஸ்ஸில முதலாளிக்கு நாளுக்கு இவ்வளவு எண்டு குடுத்து, டீசல் அடிச்சு, மிச்சத்திலதான் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் சம்பளம். அதால ஆள் கூட நிக்கிற ஹோல்ட்டில பத்து நிமிசம் நிண்டு கூவுவாங்க, ஒரு ஆள் நிக்கிற ஹோல்ட்டில நிக்க மாட்டாங்க, பின்னால மற்ற பஸ் வந்தா ரேஸ் ஓடுவாங்க. ஆனா பேர்மிட் எண்டது சும்மா குடுக்கிற ஒண்டில்ல, நிபந்தனையோட குடுக்கிறது, அத மீறினா இடைநிறுத்தவும் ரத்துச் செய்யவும் அதிகாரம் இருக்கு, அதுக்குப் பயணிட முறைப்பாடு பைலில கிடக்க வேணும். பேஸ்புக்கில வீடியோ போட்டா ஷெயார் போகும், பைல் திறக்காது.

காசு விசயம். ரிக்கெட் கேட்டு வாங்குங்க, கொண்டக்டர் முகத்தச் சுழிச்சாலும் கேளுங்க, கூடுதலா எடுத்தாங்க எண்டு சொல்ல கையில இருக்கிற ஒரே சாட்சி அதுதான். பஸ் கட்டணம் வருசா வருசம் ஜூலை 1ஆம் திகதிதான் திருத்துறது, இடையிலயும் டீசல் விலையப் பொறுத்து மாறியிருக்கு, மாறின கிழமையிலதான் கூடின பிரச்சினை வாறது, குறைச்சா பழைய கட்டணமே ஓடும். செமி லக்ஸரி எண்டு போர்டு போட்டு ஒண்டரை மடங்கு எடுக்கிற பஸ்ஸில ஆக்கள நிக்க வச்சு ஏத்துறதும் முறைப்பாடுதான், அந்தக் காசு இருந்து போறதுக்குக் குடுக்கிற காசு. மிச்சக்காசு தராததையும் சின்ன விசயம் எண்டு விட வேணாம்.

பொம்பிளப் பிள்ளைகளுக்கு நடக்கிறது வேற மாதிரி, அதுக்கு வேற வழி. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017ல வெளியிட்ட ஆய்வில, இலங்கையில பஸ், ரயிலில போற பெண்கள் 90 வீதமானவங்க ஒருக்காவது பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருக்கிறாங்க, பொலிசிட்ட போனது 4 வீதம்தான். இது பஸ் ஒபிசுக்கு எழுதி முடிக்கிற விசயமில்ல, தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவில குற்றம், அஞ்சு வருசம் மட்டும் சிறை போகலாம். பஸ்ஸுக்குள்ள இருந்தே 119க்கு அடிக்கலாம், பெண்கள் உதவிக்கு 1938, சின்னப் பிள்ளைகள் எண்டா 1929. கொண்டக்டரிட்டச் சொல்லியும் அவர் பேசாம நிண்டா, அதத் தனியா பஸ் முறைப்பாடாவும் எழுதுங்க, அது அவரிட பொறுப்பு. பக்கத்தில நிக்கிறவங்களும் பாத்துக்கொண்டு நிக்காம "என்ன தம்பி" எண்டு ஒரு சத்தம் குடுங்கோ, அனேகமா அதோட அடங்கிடுவாங்க. ரேஸ் ஓடுறது, போன் கதைச்சுக்கொண்டு ஓட்டுறது, வெறியில ஓட்டுறது, இதுகளும் முதல்ல பொலிசுக்குத்தான், பிறகுதான் பேர்மிட் குடுத்த ஒபிசுக்கு.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு பஸ் காணாது எண்டா சிசு செரிய எண்டு ஒண்டு இருக்கு, 2005ல தொடங்கினது, ஆணைக்குழு காசு குடுத்து சிவப்பு பஸ்ஸையும் பிரைவேட்டையும் பிள்ளைகளுக்கெண்டே ஓட விடுறது. கிராமப் பக்கத்துக்கு, வருமானம் இல்லாத ரூட்டுக்கு கெமி செரிய, இரவு நேரத்துக்கு நிசி செரிய. தாய்மார் தனித்தனியா எழுதுறத விட அதிபர் ஊடாக எத்தின பிள்ளைகள், எந்தெந்தக் கிராமம், எத்தின மணிக்கு எண்டு கணக்கோட கேட்டாப் பலம் கூட. சேருவில, வெருகல் பக்கத்து ஊராக்கள் இதக் கட்டாயம் யோசிக்க வேணும்.

பாஷையப் பற்றிப் பயப்பட வேணாம். அரசியலமைப்பு 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில தமிழ் நிருவாக மொழி, நீங்க தமிழில எழுதலாம், தமிழில பதில் கேட்கலாம், கொழும்பு ஒபிசுக்கு எண்டாலும் அப்பிடித்தான். 1955க்கு அடிக்கேக்குள்ள சிங்களத்தில எடுத்தாலும் வைக்காதைங்க, தமிழில கதைக்கிற ஆளத் தாங்கோ எண்டு கேளுங்க.

கடிதத்த பதிவுத் தபாலில போடுங்க, துண்டையும் கொப்பியையும் வச்சிருங்க. ஒரு மாசம் போயும் பதில் இல்லாட்டி 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில அதே ஒபிசிட தகவல் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் குடுக்கலாம், ஏன் கேட்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு அவங்க முடிவு சொல்ல வேணும். என்ர முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது, இந்த ரூட்டில போன வருசம் எத்தின முறைப்பாடு வந்தது, எத்தினைக்கு விசாரணை வச்சது, இந்த ஹோல்ட்டில நிண்டு போக வேணும் எண்டு பேர்மிட்டில இருக்கா, நேர அட்டவணையிட கொப்பி தாங்கோ, இப்பிடித் துண்டு துண்டாக் கேளுங்க. நான் கேட்டு வாங்கின நேர அட்டவணையில, அம்மா நிண்ட அந்த ஆறரை பஸ்ஸுக்குப் பின்னால 6.55க்கு இன்னொரு பஸ் இருந்திருக்கு. அண்டைக்கு அது ஓடவேயில்ல.